கால் ஆஃப் என்றால் கூப்பிடுவதல்ல

பாலக்கோட்டுக்கு வெளியே ஒரு தக்காளி பேக்கிங் ஷெட்டில் நான் அலுவலக வேலை பார்க்கிறேன். விவசாயிகள் டிராக்டரில் கொண்டுவரும் பழத்தைத் தரம் பிரித்து, கிரேட்டுகளில் அடுக்கி, பெங்களூருக்கு லாரியில் அனுப்புவோம். மேனேஜர் பெங்களூரில் இருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது. என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் வரும்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு மழை நாளில், “கால் ஆஃப் தி செகண்ட் லாரி” என்று அவரிடமிருந்து செய்தி வந்தது. நான் பி.காம். படித்தவள். கால் என்றால் கூப்பிடு. நடுவில் ஆஃப் எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. அவசரத்தில் எதையோ சேர்த்து அடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது லாரி டிரைவருக்குப் போன் போட்டு, “அண்ணா, சார் கூப்பிடச் சொன்னாருங்க, சீக்கிரம் வாங்க” என்றேன். “கால்டு சார்” என்று பதிலும் அனுப்பினேன். அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைப் போட்டார்.

லாரி வந்தது, ஏற்றினோம், கிளம்பியது. வழக்கம்போல் அதன் படத்தை அனுப்பினேன். அடுத்த நிமிடம் போன் அடித்தது. அவர் கத்தவில்லை. ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். பெங்களூரில் மார்க்கெட்டுக்குள் தண்ணீர் நிற்கிறது, இரண்டாவது லோடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், கால் ஆஃப் என்றால் வேண்டாமென்று நிறுத்துவது. டிரைவர் ராயக்கோட்டை போய்த்தான் போனை எடுத்தார்; அங்கிருந்தே லாரியைத் திருப்பச் சொன்னேன். சரக்கு அன்று மாலையே பாலக்கோடு மார்க்கெட்டில் விற்றுப்போனது. ஆனால் எனக்கு முகம் எரிந்தது.

ஷெட்டில் தரம் பிரிக்கும் பெண்களுக்கு மேற்பார்வை பார்ப்பவர் என் பஸ் துணை. வீட்டில் கன்னடம் பேசுபவர். எங்களில் யார் மூத்தவர் என்று இதுவரை கேட்டுக்கொண்டதில்லை. நான் அவரை அக்கா என்பேன், அவரும் என்னை அக்கா என்பார். அன்று பஸ்ஸில் அவரிடம் சொன்னேன்.

“தனித்தனியா ரெண்டு வார்த்தையும் எனக்குத் தெரியுங்க அக்கா. சேத்தா வேற ஆயிடுது. என்ன பாஷை இது?”

அவர் சிரித்தார். “நம்ம பாஷை மட்டும் என்னவாமா? பாருன்னா பாக்கறது. பாத்துக்கோன்னா? புள்ளையப் பாத்துக்கோன்னு சொன்னா, உக்காந்து மூஞ்சியவா பாத்துக்கிட்டு இருப்பீங்க? எங்க வூட்டுலயும் அதேதான். நோடுன்னா பாரு. நோடுக்கோன்னா பாத்துக்கோ.”

அன்றிரவு போனில் தேடினேன். லுக் என்றால் பார். லுக் ஆஃப்டர் என்றால் பார்த்துக்கொள். மனசு லேசானது. எங்கள் மூன்று மொழிகளும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன.

மறுநாளிலிருந்து இருவரும் சேர்ந்து கற்க ஆரம்பித்தோம். யூடியூபில் ஐம்பது, நூறு என்று பட்டியலாகச் சொல்லித் தருகிறார்கள். எதுவும் தலையில் நிற்கவில்லை. அதனால் மேனேஜர் செய்தியில் வருவதை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒரு நாளைக்கு ஒன்று. சாயங்காலத்துக்குள் அதை எங்கேயாவது உண்மையாகப் பயன்படுத்திவிட வேண்டும். ஸ்டிக்கர் தீர்ந்த அன்று அக்கா ஷெட்டே கேட்கும்படி, “ஸ்டிக்கர் ரன் அவுட்” என்றார். கிரேட் தூக்கும் ஆட்கள் விரலை உயர்த்தி அம்பயர் மாதிரி காட்டினார்கள். தீர்ந்துபோவதற்கும் அதே சொல்தான் என்று அவர்களை நம்பவைக்க அரை மணி நேரம் ஆனது.

வீட்டிலும் ஒன்று நடந்தது. என் வீட்டுக்காரர் ஐந்து மணிக்குக் கண் விழிப்பார், ஆறு மணிக்குத்தான் எழுந்திருப்பார். முதலாவது வேக் அப், இரண்டாவது கெட் அப் என்று சொல்லிக் கொடுத்தேன். அது எனக்கே வினையானது. இப்போதெல்லாம் நான் கூப்பிட்டால் போர்வைக்குள்ளிருந்து, “வேக் அப் ஆயிட்டேன்” என்று பதில் வருகிறது.

‘அது’ என்பதற்கான இட் எங்கே உட்கார வேண்டும் என்பதுதான் கடைசி வரை தொல்லை. கால் ஆஃப் இட் என்று எழுதினால் தப்பு, கால் இட் ஆஃப் என்று நடுவில் உட்கார வைக்க வேண்டும். அதையே நம்பி லுக் இட் ஆஃப்டர் என்று எழுதினேன். மேனேஜர் திருத்தி அனுப்பினார். அங்கே இட் கடைசியில்தான் வரும். சில சொற்கள் இடம் விடும், சில விடாது. எது எப்படி என்று இன்றும் எழுதிப் பார்த்துத்தான் அனுப்புகிறேன்.

போன மாதம் மும்பையிலிருந்து ஒரு அம்மா ஷெட்டைப் பார்க்க வந்தார். எங்களிடம் நேரடியாகப் பழம் வாங்கலாமா என்று முடிவெடுப்பவர். சுற்றிக் காட்ட வேண்டிய மேனேஜர், ஓசூரில் ‘ஹெல்ட் அப்’ என்று செய்தி அனுப்பினார். முன்பு என்றால் யாரோ அவரைப் பிடித்துவைத்துவிட்டார்கள் என்று பயந்திருப்பேன். டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டார் என்று புரிந்தது. நாங்களே சுற்றிக் காட்டினோம்.

அந்த அம்மா வெடித்த பழங்கள் கிடந்த கூடையைக் காட்டி, இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நான் வாக்கியத்தைக் கோர்ப்பதற்குள் அக்கா பேசிவிட்டார். “திஸ் வி சார்ட் அவுட் மேடம். ஈவினிங் கிவ் அவே. கவ் ஈட்ஸ்.” மாட்டுக்குப் போகிறது என்று புரிந்து அந்த அம்மா தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்து அவர் கைகளைத் தட்டிக்கொண்டு, “லெட்ஸ் ராப் அப்” என்றார். அக்கா என்னைப் பார்த்தார். நான் பழம் சுற்றும் காகிதக் கட்டைப் பார்த்தேன். எதையாவது சுற்றித் தரச் சொல்கிறாரோ? எடுக்கப் போன கையை நிறுத்திக்கொண்டு, ராப் அப் என்றால் என்ன என்று அவரிடமே கேட்டேன். கேட்கும்போது கொஞ்சமும் கூச்சமாக இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். வேலையை முடித்துக்கொள்வது என்று விளக்கிவிட்டு, தமிழில் எப்படிச் சொல்வீர்கள் என்று அவர் கேட்டார்.

“முடிச்சுக்கலாம்” என்றேன்.

அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். காரில் ஏறும்போது கைகூப்பி எல்லோரிடமும், “முடிச்சுக்கலாம்” என்றார்.

“அப்படிச் சொல்லக் கூடாதுங்க மேடம். போயிட்டு வரேன்னு சொல்லணும்” என்றார் அக்கா. கையால் சாலையைக் காட்டி, திரும்ப ஷெட்டைக் காட்டி, “கோ அண்ட் கம்” என்றும் சொன்னார்.

அந்த அம்மா சிரித்துக்கொண்டே சரியாகச் சொன்னார். கார் போனது. மேனேஜர் வந்து சேர்ந்தபோது நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.