ஸ்தமென் போட்ட சேம் சைடு கோல்

நான் கோல்கீப்பர். ஆடிய காலம் முழுக்க என் கண்முன்னால் நின்றது ஸ்தமென் வாங்கெலோவின் முதுகு. தடுப்பாட்டக்காரர்களில் அவனைப்போல் ஒருவனை எங்கள் சுரங்க ஊர் கண்டதில்லை. ஓட்டம் சுமார்தான். ஆனால் பந்து எங்கே வந்து விழுமோ, அங்கே அவன் தலை முன்னமே இருக்கும். மூக்கு பலமுறை உடைந்து ஒருபக்கம் சாய்ந்திருந்தது.

அவனுடைய அப்பா வாங்கெல் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்குகிறவர். இமையோரக் கரிகூடப் போகாமல் கூட்டாளிகளோடு நேராக மைதானத்துக்கு வருவார். சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பியபடி பார்ப்பார். மகன் பந்தைப் பறித்துவிட்டால், "எம்மகன்டா!" என்று பக்கத்திலிருப்பவன் தொடையில் ஓங்கி அறைவார். அடி வாங்கியவனும் சிரிப்பான்.

கம்யூனிஸ்டு ஆட்சி போனதும் சுரங்க நிர்வாகம் அணியைக் கைகழுவியது. க்ரூமோவ் என்ற பழைய மல்யுத்தக்காரன் வாங்கினான். அவன் ஆட்கள் உடைமாற்றும் அறைக்குள்ளேயே இடுப்பில் துப்பாக்கியோடு உலாவுவார்கள்.

அந்த வருடத்தின் கடைசி ஆட்டம். சமன் செய்தாலே முதல் பிரிவில் தங்கிவிடுவோம், தோற்றால் கீழே போவோம். ஆட்டத்துக்கு முன்னால் க்ரூமோவ் உள்ளே வந்தான்.

"பசங்களா, இன்னைக்குத் தோக்குறோம். பணம் பேசி முடிச்சாச்சு."

கேப்டன் குனிந்து ஏற்கெனவே கட்டிய பூட்சை மறுபடி கட்டினான்.

"நான் தோக்க ஆட மாட்டேன்," என்றான் ஸ்தமென்.

க்ரூமோவ் சிரித்துக்கொண்டே அவன் கன்னத்தைக் கிள்ளினான். "வீட்டுல ஸ்னெஷா நல்லாருக்காளா? மாசமா இருக்கான்னு சொன்னாங்களே. பாத்துக்கப்பா."

அவன் போனதும் ஸ்தமென் என் பக்கம் திரும்பினான். "லூபென், நீ என்ன செய்யப்போற?"

"எனக்குத்தான் பொண்டாட்டியே இல்லையே."

அவன் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

மழையில் ஆட்டம் தொடங்கியது. எங்களவர்கள் பாதிப்பேர் உலாத்தினார்கள். பந்து கிடைத்தால் வானத்துக்கு உதைத்தார்கள். ஸ்தமென் மட்டும் விழுந்து புரண்டு ஒவ்வொன்றாகத் தடுத்தான். கோல் இல்லாமலே முடியப்போகிறது என்று நான் நம்பத் தொடங்கிய நேரம், வலப்பக்கமிருந்து பந்து தாழ்வாக வந்தது. அவன் பின்னால் எதிரணிக்காரன் தனியாக நின்றான். விட்டால் நிச்சயம் கோல். ஸ்தமென் சறுக்கிக் காலை நீட்டினான். முழங்காலுக்குக் கீழே பட்ட பந்து திசைமாறி என்னைத் தாண்டி வலைக்குள் போனது.

அவன் சேற்றில் குப்புறக் கிடந்தான். பார்வையாளர் படிக்கட்டிலிருந்து ஒரு குரல்: "வித்துட்டான்டா!" அடுத்து மைதானமே அதைக் கத்தியது. வாங்கெல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார்.

அதோடு முடிந்திருந்தால்கூட ஊர் ஒருநாள் மறந்திருக்கும். வாசலில் கூட்டம் காத்து நின்றபோது, க்ரூமோவ் காரிலிருந்து இறங்கி வந்து எல்லோர் கண்முன்னும் ஸ்தமெனைக் கட்டிக்கொண்டான். "தங்கமான பையன்யா! சொன்னா கேட்டுக்கிட்டான்."

ஸ்தமென் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. ஸ்னெஷாவின் வயிறுதான் கண்முன் நின்றது என்று பின்னால் சொன்னான்.

சாராயக் கடையில் நான் திரும்பத் திரும்பச் சொன்னேன், "அவன் விக்கல. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"நின்ன, சரி. கோல்ல நின்னதே நீதானே? ஒனக்கு எவ்வளவு குடுத்தான்?" என்றார்கள்.

அதன்பின் எந்த அணியும் ஸ்தமெனை எடுக்கவில்லை. வீட்டுக் கதவில் 'வித்தவன்' என்று தாரால் எழுதினார்கள். பெண் குழந்தை பிறந்தது. தாத்தா பெயரையே வாங்கெலியா என்று வைத்தான். ஞானஸ்நானத்துக்குத் தாத்தா வரவில்லை. ஸ்தமென் குடும்பத்தோடு கிரேக்கத்துக்குப் போய்ச் சுவர் பூசும் வேலையில் சேர்ந்தான். க்ரூமோவை ஒரு ஓட்டல் வாசலில் யாரோ சுட்டுக் கொன்றார்கள். அதனால் ஸ்தமெனுக்கு ஒன்றும் மாறவில்லை.

சில வருடம் கழித்து வாங்கெலின் நுரையீரல் கரித்தூளால் அடைத்துப்போனது. பார்க்கப் போனேன்.

"பெரியப்பா, ஒங்க மகன் விக்கல."

"தெரியும்டா."

நான் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டேன்.

"அவன் விழுந்து கெடந்ததப் பாத்தேனே. வித்தவன் அப்படிக் கெடக்க மாட்டான்."

"அப்புறம் ஏன் பேசாம இருந்தீங்க?"

இருமி முடிக்க நேரமானது. "சுரங்கக் கூட்டாளிங்ககூடத்தான நான் கீழ எறங்கணும். என் தலைக்கு மேல முட்டுக் குடுக்குறதே அவனுங்கதான். வித்தவனோட அப்பன்னு ஆயிட்டா, அந்த இருட்டுல எனக்கு யாரு இருக்கா? ...அவன வரச் சொல்லு."

ஃபோன் செய்தேன். அன்றே கிளம்பினான். எல்லையில் பனி கொட்டிப் பேருந்து நின்றுவிட்டது. அவன் வந்து சேர்ந்தபோது கதவில் அப்பாவின் படத்தோடு மரண அறிவிப்பு ஒட்டியிருந்தது.

சவப்பெட்டியைத் தூக்கச் சுரங்கக் கூட்டாளிகள் வந்திருந்தார்கள். ஸ்தமென் தோள் கொடுக்கப் போனான். அதில் ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இங்க எடம் இல்ல," என்றார். அவன் பின்னால் நடந்து வந்தான்.

கல்லறையருகே எங்கள் வழக்கப்படி வேகவைத்த கோதுமையைச் சர்க்கரை தூவிக் கொடுத்தார்கள். அங்கே வைத்து, அப்பா சொன்னதை அவனிடம் சொன்னேன். சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

"அவருக்குத் தெரியுமா? எப்பலேந்து?"

"அன்னைக்கே."

கையிலிருந்த கோதுமையைத் தரையில் வைத்தான். "ஊரு மாதிரி அவரும் ஏமாந்துட்டாருன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன், லூபென். அப்படியே விட்டிருக்கலாம்ல நீ."

மதியப் பேருந்தில் ஏறிப் போனான். வருடா வருடம் அந்தக் கல்லறைக்கு மெழுகுவத்தி ஏற்றுவது நான்தான். அவன் வரவில்லை.