திரையில் பார்த்த பத்து கிலோ கெண்டை

புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. நான் வாயைத்தான் கட்டினேன், கண்ணைக் கட்டவில்லை.

என் வீட்டுக்காரியின் தம்பி தொண்டூர் பக்கம் ஒரு ஏரியில் மீன் குத்தகை எடுத்திருக்கிறான். புதுசாக ஒரு கருவி வாங்கியிருந்தான். சின்னப் பந்து மாதிரி இருக்கும். தண்ணீரில் வீசினால் மிதந்துகொண்டே, அடியில் இருக்கிற மீனையெல்லாம் செல்போனில் கோடு கோடாகக் காட்டும்.

சும்மா பார்க்கப் போனவன்தான் நான். திரையில் மெல்லிசாக ஒரு கோடு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீண்டது. மற்றதெல்லாம் நகக்கீற்று மாதிரி குட்டை.

"மச்சான், இது பத்து கிலோ தேறும்."

"நெஜமாவா மாமா?"

"நான் பாக்காத கெண்டையா?"

நான் பார்த்ததெல்லாம் செஞ்சி பஜாரில், வெட்டி வைத்த துண்டுகள்.

அதோடு விட்டிருக்கலாம். புரட்டாசி முடிந்த ஞாயிறு, சம்பந்தி வீட்டார் முதல்தடவையாக விருந்துக்கு வருவதாக இருந்தது. மகள் கல்யாணப் பந்தியில் சாம்பார் பற்றாமல் போனதை அவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வாயை மீனால் அடைத்துவிடலாமென்று போனைப் போட்டேன். "சம்பந்தி, பத்து கிலோ கெண்டை, உங்களுக்குன்னே ஏரியில நிக்குது."

கடைசி சனிக்கிழமை நாமம் போட்டுக்கொண்டு சிங்கவரம் மலை ஏறினேன். பெருமாள் அங்கே நெடுக்கப் படுத்திருக்கிறார். பாதத்திலிருந்து சேவித்துக்கொண்டு வந்தவனுக்குப் பாதியிலேயே அந்தக் கோடு ஞாபகம் வந்துவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனாலும், 'அது எங்கேயும் போயிடக் கூடாது சாமி' என்றுதான் வேண்ட வந்தது.

ஞாயிறு விடிகாலை அந்த இடத்தையே வளைத்து வலை இழுத்தார்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஜிலேபி மீன்கள்தான் வந்தன. மச்சான் கருவி விற்றவனுக்குப் போன் போட்டுக் கேட்டான்.

"மாமா, பந்துக்கு அடியில எவ்ளோ நேரம் நிக்குதோ அவ்ளோ நீளமா கோடு விழுமாம். மீன் பெருசான்னு தெரியணும்னா கோட்டோட தடிமனப் பாக்கணுமாம். நீங்க பாத்தது சும்மா நின்னுக்கிட்டிருந்த பொடிசு."

வீட்டுக்காரி கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அந்தப் பொடிசுக்கு இருக்குற பொறுமை உங்களுக்கு இல்லையே. பஜார்ல பெருசா ஒண்ணு வாங்கிட்டு வந்து, ஏரி மீனுன்னு போடலாமா?"

"விரதம் முடிஞ்ச கையோட பொய்யா?" என்று பெரிய பக்தனாக மறுத்துவிட்டேன்.

மத்தியானம் சம்பந்தி இலையில் ஜிலேபி மீன் முள்ளைப் பொறுக்கிப் பொறுக்கி ஓரமாக வைத்தார்.

"பத்து கிலோ இதுதானா சம்பந்தி?"

"மச்சானோட மிஷின்ல தப்பாப் பாத்துட்டேங்க" என்றேன்.

"அந்த மிஷினக் காட்டுங்க, பாப்போம்."

சாயங்காலம் ஏரிக்கரையில் மச்சான் பந்தை வீசினான். சம்பந்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு செல்போனையே பார்த்தார். மெல்லிசாக, நீளமாக ஒரு கோடு போய்க்கொண்டே இருந்தது.

"இன்னா சம்பந்தி, இதோ நிக்குது பாருங்க பெருசு. இத உட்டுட்டு வேற எதையோ வளைச்சிருக்கீங்க."

மச்சான் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

"எனக்கு அவ்ளோவாப் பாக்கத் தெரியலைங்க" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

"அடுத்த வாட்டி வலை போடுற அன்னிக்கு என்னக் கூப்புடுங்க" என்றார் சம்பந்தி, தலை நிமிராமல்.