வெய்யின் அம்மா சாப்பிட்ட தட்டு

வேலை முடிந்து ரெயினில் ஏறும்போது, கடலில் குளித்துவிட்டு வந்தவன் போல என் உதடு வெடித்திருக்கும். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாக்கில் அந்த உப்பு நிற்கும்... உப்புக்கு மேலே தோடம்பழப் பாணியின், அந்த ஒரேஞ்ச் சோஸின் இனிப்பு. சட்டையிலும் அதே மணம்தான்.

அப்போது லிட்கமில் நாலு பேரோடு ஒரு வீட்டில் இருந்தேன். மேற்கு சிட்னியில் ஒரு சொப்பிங் சென்ரரின் ஃபுட் கோர்ட்டில் வேலை. அமெரிக்காவில் தொடங்கி ஊரூராகக் கிளை போட்ட ஒரு சைனீஸ் சாப்பாட்டுக் கடை. நான் மேசை துடைப்பேன், கோப்பை கழுவுவேன்.

சமையல் வெய்யுடையது. என் வயதுக்காரன். சீனாவில் கடலே இல்லாத ஏதோ ஒரு மாகாணத்திலிருந்து படிக்க வந்தவன். சமையல் என்று சொன்னேனே தவிர, அங்கே சமைக்க எதுவும் இல்லை. மாவில் தோய்த்து உறையவைத்த கோழி பெட்டியில் வரும். சோஸ் பெரிய பிளாஸ்டிக் பையில் வரும். பொரித்து, பையை வெட்டி ஊற்றிக் கிளற வேண்டியதுதான். ஒரு சிட்டிகை கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. எந்த ஊர்க் கிளையிலும் ஒரே ருசி இருக்கவேண்டும் என்பது சட்டம்.

வெய்யை முன்னுக்கு, கண்ணாடிக்குப் பின்னால், சனம் பார்க்கும்படி நிறுத்தியிருந்தார்கள். அந்தக் கடையில் சீனாவிலிருந்து வந்தது அவன் மட்டும்தான்.

யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மாவுக்கு சைனீஸ் கடை என்றதும் ஒரு கேள்விதான் வந்தது.

"அப்ப ரோல்ஸ் எல்லாம் நல்லாயிருக்குமே?"

எங்கள் ஊர் பேக்கரியில், இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுருட்டிப் பொரித்து விற்கும் சைனீஸ் ரோல்ஸைத்தான் கேட்கிறார். வெய்யிடம் அதை விவரித்தேன். அப்படி ஒரு சாப்பாட்டைத் தான் பிறந்ததிலிருந்து கண்டதில்லை என்றான். அன்று நாங்கள் இருவரும் நன்றாகச் சிரித்தோம்.

பிறகு ஒருநாள் அவன் சிரிக்காமல் வந்தான். அவனுடைய அம்மாவுக்கு விசா கிடைத்துவிட்டது. மகன் சிட்னியில் சைனீஸ் றெஸ்ரோறன்ற் ஒன்றில் செஃப் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தவர்... வந்தால் முதலில் அந்தக் கடையைத்தான் பார்ப்பேன் என்கிறாராம்.

அவர் வரும் அன்றைக்கு ஒரேயொரு தட்டு மட்டும் தன் கைப்படச் சமைக்கலாமா என்று வெய் மனேஜரிடம் கேட்டான். மனேஜர் கெட்டவர் அல்ல. ஆனால் சட்டம் சட்டம்தான் என்றார்.

ஆட்கள் குறைந்த ஒரு பின்னேரம் வெய்யின் அம்மா வந்தார். சின்ன உருவம். தலையைப் படிய வாரி, கோவிலுக்குப் போவதுபோல நல்ல உடுப்பு உடுத்தியிருந்தார். மெனு போர்டில் இருந்த படங்களை நெடுநேரம் பார்த்தார். எது என்ன என்று கேட்டிருக்க வேண்டும், வெய் ஒவ்வொன்றாக விளக்கினான். பிறகு கோழியும் நூடில்ஸும் தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

நான் பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் வாயோடு அவருடைய கை நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் நின்ற மகனைப் பார்த்தார். அவன் குனிந்து வெறும் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தான். தண்ணீர் குடித்தார். திரும்பவும் சாப்பிட்டார். நான் கோப்பையை நிரப்ப நிரப்ப, குடித்துக் குடித்து அந்தத் தட்டை முழுவதுமாக முடித்தார்.

தட்டை எடுக்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். விளங்காமல் வெய்யைக் கூப்பிட்டேன். அவன் தயங்கித்தான் மொழிபெயர்த்தான். நீங்கள் இரண்டு பேரும் ஒவ்வொரு நாளும் இதைத்தான் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிறாராம்.

ஓம் என்று தலையாட்டினேன். வெய் கூல்ரூமுக்குள் போனான். வெளியே வர நேரமெடுத்தது.

அடுத்தநாள் மத்தியானம் இரண்டு பெட்டிகளோடு வந்தார். ஒன்று மகனுக்கு, ஒன்று எனக்கு. வெள்ளைச் சோறு, தக்காளியும் முட்டையும் போட்டுக் கிளறிய ஒரு கறி, இஞ்சி போட்டு அவித்த கீரை. முதலில் எனக்கு ருசியே தெரியவில்லை. உப்பில் ஊறின நாக்கு. கொஞ்ச நேரம் போகத்தான் தக்காளியின் புளிப்பு தெரிந்தது, பிறகு முட்டை... ஊருக்குத் திரும்பிப் போகும்வரை ஒரு நாளும் தவறாமல் கொண்டுவந்தார்.

என் அம்மாவுக்கு ஃபோனில் இதைச் சொன்னேன்.

"அந்த மனிசி குடுத்து வைச்சவ. எனக்கும் ஒருக்கா வந்து பாக்கோணும் போல கிடக்கு தம்பி... நீ அங்க என்ன சாப்பிடுறாய் எண்டு."

"பேப்பர்ஸ் வரட்டும் அம்மா. கட்டாயம் கூப்பிடுறன்."

எனக்கு அப்போது பிரிட்ஜிங் விசா, நிரந்தர விசா முடிவாகும்வரை தரும் தற்காலிகமானது. நாட்டைவிட்டுப் போனால் திரும்பி வர முடியாது. அம்மாவைக் கூப்பிடவும் வழியில்லை. பேப்பர்ஸ் வருவதற்கு முதல் அம்மா போய்விட்டார். கடையின் பின்பக்கம், எண்ணெய்ப் பெட்டி ஒன்றில் குந்தியிருந்து, செத்தவீட்டை ஃபோனில் பார்த்தேன். வெய் அடுப்பை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் இருந்தான். மனேஜர் அவனைக் கூப்பிடவில்லை.

இப்போது குவேக்கர்ஸ் ஹில்லில் சொந்த வீடு. வேறு வேலை. போன மாதம் மகள் ஆசைப்பட்டாள் என்று அதே கடையின் இன்னொரு கிளைக்குப் போனோம். அதே பாணி, அதே உப்பு. இரண்டு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள்.

"டூ சோல்ட்டி, அப்பா. திஸ் இஸ்ன்ட் ஈவன் ரியல் சைனீஸ்."

உண்மைதான். நான் மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்தேன். எனக்கு அதைக் கொட்ட மனம் வரவில்லை.

வெய் இப்போது மெல்பேர்னில். அவனுடைய அம்மாவும் அவனோடுதான் இருக்கிறார். வீடியோ கோலில் வந்தால் மகனை ஒதுக்கிவிட்டு ஃபோனை வாங்கி என்னிடம் முதலில் அதைத்தான் கேட்பார். வெய் மொழிபெயர்க்கத் தேவையில்லை, அந்தக் கேள்வி எனக்கு விளங்கும்.

அந்த நாட்களில் சாப்பிட்டியா என்று கேட்க எனக்கு இரண்டு அம்மாமார் இருந்தார்கள். இன்று ஒருவர்தான். அவர் கேட்பது சீன மொழியில்.