இங்கேதானே இருக்கே

திருவனந்தபுரத்தைச் சுற்றிப் பார்க்க நினைக்கிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, கரமனையில் ஒரு சொந்தக்காரரைக் கண்டுபிடிப்பது. தங்க இடம், மூன்று வேளை சாப்பாடு, கூடவே வழிகாட்ட ஓர் ஆள், எல்லாம் ஒரே வீட்டில் கிடைத்துவிடும். அப்படி முப்பத்து நான்கு வருஷமாக மாட்டிக்கொண்டு முழித்தவள் என் பக்கத்து வீட்டுச் சீதாலக்ஷ்மி.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து சேஷனுக்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் தெருவுக்கு வந்தவள். கூட்டுறவு வங்கியில் வேலை. ஆறு நாள் வங்கி, ஏழாவது நாள் விருந்தாளி. ஏப்ரலில் பள்ளிக்கூடம் அடைத்தால் போதும், சேஷன் வீட்டு உறவுகள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் குழந்தை குட்டிகளோடு வந்து இறங்கிவிடும். மிருகக்காட்சிசாலை, மியூசியம், குதிரைமாளிகை, கோவளம் என்று ஊரையே இரண்டு நாளில் மென்று விழுங்கிவிட்டுப் போவார்கள்.

சீதாலக்ஷ்மியும் எல்லா இடத்துக்கும் போவாள். எதையும் பார்க்க மாட்டாள். மிருகக்காட்சிசாலையில் யாருடைய குழந்தையோ அவள் மடியில் தூங்கிக்கொண்டிருக்கும். குதிரைமாளிகை வாசலில் பத்து ஜோடிச் செருப்புக்குக் காவல். கோவளத்தில் ஈரத்துணி மூட்டை. அவளையும் உள்ளே கூப்பிட யாருக்காவது தோன்றினால், பக்கத்தில் இன்னொருத்தர் தயாராக ஒரு வாக்கியம் வைத்திருப்பார். "அவ இங்கேதானே இருக்கா? எப்ப வேணா பாத்துப்பா." இந்த வாக்கியத்தை எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. நானே மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று இருபது தடவையாவது கேட்டிருக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

பத்மநாபசுவாமி கோயிலில்தான் அவளுக்கு உண்மையான வயிற்றெரிச்சல். போனை உள்ளே விடமாட்டார்கள், பையை விடமாட்டார்கள். ஒப்படைக்கக் கவுண்டர் இருக்கிறது. ஆனால் அங்கே நீண்ட வரிசை. ஆள் ஒருத்தி சும்மா நிற்கும்போது எதற்கு வரிசை? ஆகவே கிழக்கு வாசலான கிழக்கே நடையில், மேத்தன் மணிக்கு எதிரே, அவள் போன் மூட்டையோடு நிற்பாள். மணி அடிக்கும்போது அந்தக் கடிகாரத்தில் இரண்டு ஆடுகள் வந்து ஒரு தாடிக்காரரின் இரண்டு கன்னத்திலும் முட்டும். அந்தத் தாடிக்காரரை அவளுக்குக் கூடப்பிறந்தவர் மாதிரித் தெரியும்.

உள்ளே போனதே இல்லையா என்றால், போயிருக்கிறாள். நாலைந்து தடவை. பெருமாள் நீட்டிப் படுத்திருப்பதால் மூன்று வாசல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். முதல் வாசலில் முகம், நடுவில் நாபிக்கமலம், மூன்றாவதில் பாதம். அவள் இடுப்பில் எப்போதும் யாருடைய குழந்தையாவது இருந்தது. அந்தக் குழந்தை முதல் வாசலின் இருட்டைக் கண்டு கத்தும், வரிசை தள்ளும், சமாதானம் செய்து நிமிர்வதற்குள் பாதம் வந்துவிடும். "முகத்தைத் தவிர மத்ததெல்லாம் பாத்தாச்சு" என்பாள். தனியாகப் போயிருக்கலாமே என்று நானும் திட்டியிருக்கிறேன். பஸ்ஸில் பத்து நிமிஷம். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்கிற இடத்துக்கு யார்தான் போகிறார்கள்?

இந்த வருஷம் அந்த வாக்கியத்துக்கு முடிவு வந்தது. அவளும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். ஹைதராபாத்தில் பெண்ணுக்குப் பிரசவம். ஒரேயடியாக அங்கேயே போய்விடுவதென்று முடிவாகி, வாடகை வீட்டைக் காலி செய்ய நாளும் குறித்தார்கள். மாசம் முழுவதும் அட்டைப்பெட்டி கட்டவே சரியாக இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பெங்களூரிலிருந்து பிரணவின் போன். பிரணவ், சேஷனுடைய சித்தப்பா பிள்ளை. "மன்னி, நீங்க போயிட்டா அப்புறம் திருவனந்தபுரத்துல நமக்கு யார் இருக்கா? அதுக்குள்ள குழந்தைகளுக்கு ஊரைக் காட்டிடலாம்னு பாக்கறோம்."

பாதி வீடு பெட்டிக்குள் இருக்கும்போது நாலு பேர் வந்தார்கள். பிரணவ், அவன் மனைவி ஸ்மிதா, ஒன்பது வயது அத்வைத், மூன்று வயதுச் சின்னவள். கட்டி வைத்த பாத்திரங்களை அவிழ்த்துச் சமைத்தாள். திங்கள்கிழமை மியூசியத்துக்குப் போய் விடுமுறைப் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். செவ்வாய்க்கிழமை கோவளம். அத்வைத் ஒரு செருப்பைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, "பெரியம்மாதான் பாத்துக்கணும்" என்றான். புதன்கிழமை காலை கோயில். அங்கிருந்தே டாக்ஸியில் குருவாயூர். மறுநாள் சின்னவளுக்கு அங்கே துலாபாரம்.

சீதாலக்ஷ்மி சேஷனிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். "இந்தத் தடவை நீங்க வெளியில நில்லுங்கோ. நான் கையை வீசிண்டு உள்ளே போகப் போறேன். அடுத்த வியாழக்கிழமை ரயில். இனி எனக்கு எப்ப வேணான்னு ஒண்ணு கிடையாது." அவரும் சரி என்று தலையாட்டியிருந்தார்.

புதன்கிழமை விடிந்தால் மனிதர் வராந்தாவில் சுருண்டு உட்கார்ந்திருக்கிறார். வயிற்றுவலியாம்.

"இன்னிக்கா?" என்றாள் சீதாலக்ஷ்மி.

"இன்னிக்குத்தான் வந்துது. நான் என்ன பண்ணட்டும்?"

காப்பியை நீட்டினாள். கையில் வாங்கவில்லை. "அங்கே வச்சுட்டுப் போ" என்றார். அவள் மொபைலைத் தேடினால் அது அவர் மடியில். "சார்ஜே இல்லை. இது ஆத்துலயே இருக்கட்டும். நீ போனைக் கட்டிண்டு அழாம, எல்லாத்தையும் கவுண்டர்ல கொடுத்துட்டு உள்ளே போ. நேரே உள்ளே போ, கேட்டியா?"

"உபதேசத்துக்கு மட்டும் வயிறு வலிக்கலையாக்கும்" என்று அவள் கத்தியது எங்கள் வீட்டு அடுக்களை வரைக்கும் கேட்டது. நானும் சேஷனைத்தான் திட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் அவளுக்காக ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டு நான் பார்த்ததில்லை.

கோயில் வாசலில் வழக்கமான கூத்து. ஸ்மிதா சுடிதாரில் வந்திருந்தாள். அதன்மேல் ஒரு முண்டு வாங்கிச் சுற்ற வேண்டியிருந்தது. அத்வைத் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்டான். சின்னவளுக்கு ஐஸ்கிரீம் வேண்டும். இதற்குள் அரை மணி போயிற்று. கவுண்டர் வரிசையோ குளக்கரை வரைக்கும் நீண்டிருந்தது. பிரணவ் அதைப் பார்த்தான், தன் போனைப் பார்த்தான், பிறகு சீதாலக்ஷ்மியைப் பார்த்தான்.

"மன்னி, இன்னிக்கு நான் லீவ்ல இல்லை, பாத்துக்கோங்கோ. ஆபீஸ்லேர்ந்து எந்த நேரமும் கூப்பிடுவா. யார் நம்பரா இருந்தாலும் எடுத்து, அரை மணியில பேசுவான்னு மட்டும் சொல்லிடுங்கோ. நாங்க வந்ததும் ஸ்மிதா நிப்பா, நீங்க போயிட்டு வாங்கோ. நடை அடைக்க இன்னும் நேரம் இருக்கே?"

முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இரண்டு போனும் ஒரு பையும் அவள் கையில் இருந்தன. முப்பத்து நான்கு வருஷப் பழக்கம், கை தானாக நீண்டுவிட்டது. அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருந்ததாம் அவளுக்கு. ஆனாலும் இந்தத் தடவை முறை போட்டாயிற்றே, அவர்கள் வந்ததும் நம் முறை என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். படியில் உட்காரப் போனால் காவல்காரர் வந்து, "அம்மே, இவிடெ இரிக்கல்லே" என்று எழுப்பிவிட்டார். நின்றாள். மேத்தன் மணியில் ஆடுகள் முட்டின.

அப்போது பிரணவின் போன் அடித்தது. பெயரில்லாத நம்பர். ஆபீஸ் என்று நினைத்து எடுத்தாள்.

"பிரணவா? நான் நாக்பூர் மங்கலம் பேசறேன். அப்பா போயிட்டார்டா. விடியக்காலம் நாலு மணிக்கு."

மங்கலம், நாக்பூர் கிட்டு அண்ணாவின் மருமகள். கிட்டு அண்ணா தொண்ணூற்றொரு வயதுக்காரர். சேஷனுக்கும் பிரணவுக்கும் பங்காளி. சீதாலக்ஷ்மி அவரைக் கல்யாணத்தில் ஒரு தடவை பார்த்தது. எங்கள் தெருவில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த சமாசாரம் இது. பங்காளி இறந்தால் பத்து நாள் தீட்டு, கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாது. ஆனால் செய்தி காதில் விழுந்தால்தான் தீட்டு. விழாத வரைக்கும் ஒன்றும் இல்லை. உள்ளே முதல் வாசலில் நின்றுகொண்டிருந்த நாலு பேருக்கும் தீட்டு இல்லை. வெளியே போனைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு மட்டும் வந்து சேர்ந்தது.

விரலை மடித்து எண்ணிப் பார்த்தாள். பத்தாவது நாள் அடுத்த வெள்ளிக்கிழமை. ரயில் வியாழக்கிழமை.

எனக்கு இதைக் கேட்டபோது வந்த கோபத்துக்கு அந்தப் போனைக் குளத்தில் எறிந்திருப்பேன். அவள் எறியவில்லை. மங்கலத்துக்கு ஆறுதல் சொன்னாள். பிறகு, "பிரணவ் குழந்தைக்கு நாளைக்குத் துலாபாரம் வச்சிருக்கான். அவனுக்குத் தெரிய வேண்டாம். நாளைக்கு மத்தியானம் நானே சொல்லிக்கறேன்" என்றாள். மங்கலமும் நல்லவள், சரி என்று வைத்துவிட்டாள்.

பத்து நிமிஷத்தில் அவர்கள் நெற்றி நிறையச் சந்தனத்தோடு வந்தார்கள். "கூட்டமே இல்லை மன்னி, முகத்துக்கு நேரே ரெண்டு நிமிஷம் நிக்க விட்டா!" என்றான் பிரணவ். ஸ்மிதா கையை நீட்டினாள். "கொடுங்கோ மன்னி, நான் நிக்கறேன். நீங்க ஓடிப் போயிட்டு வாங்கோ."

முப்பத்து நான்கு வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தி கையை நீட்டி மூட்டையைக் கேட்கிறாள். சீதாலக்ஷ்மி போனையும் பையையும் கொடுத்தாள்.

"முட்டி வலிக்கறது ஸ்மிதா. நீங்க கிளம்புங்கோ, நேரமாறது" என்றாள். அவர்கள் ஒரு நிமிஷம் தயங்கினார்கள். அவள் வாயிலிருந்து அந்த வாக்கியம் தானாக வந்தது. "நான் இங்கேதானே இருக்கேன்? எப்ப வேணா பாத்துக்கறேன்."

அடுத்த வாரம் ஊரை விட்டே போகிறவள் சொல்கிற பேச்சா இது? ஒருவருக்கும் உறைக்கவில்லை. அதுவும் சரிதானே என்று பிரணவ் டாக்ஸிக்காரரைக் கூப்பிட்டான். ஆபீஸிலிருந்து யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டான். ராங் நம்பர் ஒன்று வந்தது என்றாள். கரமனை வழியாகப் போனால் சுற்று, பஸ்ஸில் போய்க்கொள்ள முடியுமா என்று கேட்டான். முடியும் என்றாள்.

கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினாள். பஸ்ஸில் வரும்போது துக்கம் ஒன்றும் இல்லையாம், ஆத்திரம்தான். பிரணவ் மேல்கூட இல்லை, சேஷன் மேல். வயிற்றுவலி வராமல் அவர் வந்து வாசலில் நின்றிருந்தால், போன் அவர் கையில் இருந்திருக்கும். செய்தி அவர் காதில் விழுந்திருக்கும். அவள் உள்ளே இருந்திருப்பாள். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம் கேட்டாள், அதற்கும் வழியில்லையா? வீட்டுக்குப் போய் என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக யோசித்துக்கொண்டே வந்தாள்.

வாசற்படி ஏறினால் சேஷன் காலையில் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறார். அவள் மொபைல், அணைத்து வைத்தது, இன்னும் அவர் மடியில். காப்பி டம்ளரைத் தானே கழுவித் தனியாகக் கவிழ்த்திருக்கிறார். கொடியில் அவருடைய வேஷ்டி ஈரம் சொட்டிக்கொண்டு தொங்குகிறது. காலையில் எட்டு மணிக்குள் விளக்கேற்றிவிடுகிற மனிதர், ஸ்வாமி அலமாரியைத் திறக்கவே இல்லை.

அவளைக் கண்டதும் பாதி எழுந்தார். "பாத்தியா? மூணு வாசலும் பாத்தியா? முகம்?"

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. விடியற்காலை செய்தி இந்த மனிதருக்குத்தான் முதலில் வந்திருக்கிறது. அவள் காதில் விழக்கூடாது என்று போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, அவள் கைபடாமல், பச்சைத் தண்ணீர்கூடக் கேட்காமல், திட்டையும் வாங்கிக் கட்டிக்கொண்டு மத்தியானம் வரைக்கும் காவல் இருந்திருக்கிறார். பஸ்ஸில் வரிசையாக அடுக்கி வைத்திருந்த ஒரு வார்த்தையைக்கூட அவளால் சொல்ல முடியவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லையாம். கோபப்படக்கூட ஆள் இல்லாமல் போய்விட்டது.

"பாத்தேன். மூணு வாசலும் பாத்தேன். கூட்டமே இல்லை" என்றாள்.

சேஷன் பெரிசாக மூச்சு விட்டார். "அப்பாடா. இனி சொல்லலாம். கோவிச்சுக்காதே. நாக்பூர் கிட்டு அண்ணா போயிட்டார்."

"ஐயோ, எப்போ?" என்று கேட்டுவிட்டு அவள் கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டாள். குடம் குடமாக விட்டாள். தண்ணீரை ஏன் இப்படிப் பாழாக்குகிறாள் என்று நான் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துக் கேட்டேன். அவள் இன்னொரு குடம் இழுத்தாள்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது போன வாரம், அவள் ஹைதராபாத்திலிருந்து கூப்பிட்டபோது. பேத்தி பிறந்திருக்கிறாள். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சேஷன், "கிளம்பறதுக்கு முன்னாடி இவளுக்கு மட்டும் பெருமாள் நின்னு நிதானமாச் சேவை கொடுத்தார்" என்று பெருமையாகச் சொல்கிறாராம். அவளும் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறாளாம்.

"எதுக்குக் கூப்பிட்டேன்னா," என்றாள், "முகத்துல என்னென்ன தெரியும்னு கொஞ்சம் சொல்லேன். யாராவது கேட்டா முழிக்கக் கூடாது. அவருக்குத் தெரிஞ்சுடும்."

கண் எப்படி இருக்கும், வலது கை எப்படித் தொங்கும், அந்தக் கைக்குக் கீழே சிவலிங்கம் எந்த இடத்தில் இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் உம் கொட்டிக் கேட்டுக்கொண்டாள்.