தானாக நகர்ந்த அம்பு

அக்காவின் கணவரைப் பட்டறையில் எல்லாரும் மில்லி என்றுதான் கூப்பிடுவார்கள். சுவரோடு பதிக்கும் அலமாரிகளும் சமையலறைப் பெட்டிகளும் செய்யும் கம்பெனி அது. அங்கே படம் போடுவது அவர் வேலை. அடி, அங்குலம் எதுவும் அவர் வாயில் வராது, எல்லாம் மில்லிமீட்டர்தான். ஒருமுறை பேருந்தில் பக்கத்து ஆளிடம் "ஒரு அம்பது மில்லி தள்ளி உக்காருங்க" என்று சொல்ல, அவர் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு எழுந்தே போய்விட்டாராம். அக்காவும் சும்மா விடமாட்டாள். சாப்பிடும்போது அவர் முகம் கொஞ்சம் சுருங்கினால் போதும், "என்ன, உப்பு ரெண்டு மில்லி கம்மியா?" என்பாள்.

நான் அவரை மாமா என்பேன். எனக்கு மாலை ஷிப்ட். பகலெல்லாம் அவர்கள் வீட்டுக் கூடத்தில்தான் கிடப்பேன். அதனால் நடந்ததில் பாதிக்கு மேல் என் கண் முன்னாலேயே நடந்தது.

கம்பெனியில் அவருக்குக் கொடுத்திருந்த கம்ப்யூட்டர் ஒரு சவலைப் பிள்ளை. பெரிய படம் ஒன்றைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கி டீ குடித்துவிட்டு வந்தாலும் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். புதிது வாங்கித் தரும்படி கேட்டால் முதலாளி சிரிப்பார். "கை நல்லா இருந்தா போதாதா மில்லி?" வீட்டில் இருந்தது மாமாவே ஒவ்வொரு பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர். வேலை முடிந்து வந்த பிறகும் விடுமுறை நாட்களிலும் அதன் முன் உட்கார்ந்து கீல்கள், இழுப்பறைகள், கைப்பிடிகள், தட்டுகள் என்று ஒவ்வொன்றாக வரைந்து வைத்திருந்தார். யாரும் கேட்டு வரைந்ததில்லை. புதிய வீட்டுத் திட்டம் வந்தால் அவற்றிலிருந்து எடுத்து அடுக்குவார். கதவைத் தொட்டால் கீலும் சேர்ந்து திறக்கும். என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். "சத்தம் மட்டும்தான் வரலை பாரு."

வரைந்ததைப் பென் டிரைவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்து எடுத்துப்போவது வழக்கம். ஒருநாள் அக்கா அதைச் சட்டையோடு சேர்த்துத் துவைத்துவிட்டாள். அன்றைக்கென்று பெரிய வாடிக்கையாளர் குடும்பத்தோடு வந்து காத்திருந்தார். எல்லார் முன்னாலும் முதலாளி சத்தம் போட்டார். பிறகு மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க வீட்டுக் கம்ப்யூட்டரை இங்கேருந்தே திறக்க வழி இருக்கான்னு பாருங்க" என்றார்.

வழி இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே மென்பொருளைப் போட்டால், வீட்டுத் திரை அப்படியே ஆபீசில் தெரியும். அங்கே மவுசை அசைத்தால் இங்கே அசையும். வீட்டில் போட்டுவிட்டு மறுநாள் ஆபீசிலிருந்து போன் செய்தார்.

"திரை முன்னாடிதான இருக்க? அம்பு நகருதா?"

"இல்ல மாமா."

"இப்ப?"

"அப்படியே நிக்குது."

"எதாச்சும் பெட்டி வந்திருக்கா பாரு."

"ஆமா. உள்ள விடலாமான்னு கேக்குது."

"அட, விடுப்பா! என் வீட்டுக்குள்ள வர மச்சினன்கிட்ட அனுமதி வாங்க வேண்டியிருக்கு!"

சம்மதம் என்று அழுத்தினேன். அம்பு ஒரு துள்ளுத் துள்ளியது. திரையை ஒருமுறை சுற்றி வந்து, ஒரு படத்தைத் திறந்து, அலமாரிக் கதவு ஒன்றை மெல்ல ஆட்டிக் காட்டியது. அக்காவின் மகள் பாப்பா கட்டிலில் ஏறி நின்றுகொண்டாள். "பேய்! பேய்!"

"பேய் இல்லடி, உங்கப்பா" என்றாள் அக்கா. "ஆபீஸ் போயும் நம்மள விடல."

போனில் மாமா சிரித்துக்கொண்டே இருந்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் கேட்டதில்லை.

ஒவ்வொரு முறையும் வீட்டில் ஆள் உட்கார்ந்து அனுமதி கொடுக்க முடியாதே. அதனால் நிரந்தரக் கடவுச்சொல் ஒன்றை வைத்தார். முதலாளி எப்போது கூப்பிட்டாலும் உடனே திறக்க வேண்டும் என்பதற்காக, அந்தச் சொல்லை ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே பதிய வைத்துவிட்டார். அங்கே திரையில் ஒரு சின்னக் குறியை இரண்டு தட்டுத் தட்டினால் போதும், எங்கள் கூடம் திறந்துகொள்ளும்.

அன்றிலிருந்து வீடு கம்ப்யூட்டருக்கு அடங்கி நடந்தது. அதை அணைக்கக் கூடாது, தூங்கவும் விடக் கூடாது. பாப்பா அதில் விளையாடக் கூடாது. அதன் பக்கம் வெயில் விழக் கூடாதென்று ஜன்னலுக்குத் தடித்த துணி போட்டார். பகலிலும் கூடத்தில் விளக்கு எரிந்தது. "நானும் இந்த வீட்டுலதான் இருக்கேன். எனக்கு ஒரு காத்தாடி போட்டதுண்டா?" என்று அக்கா கேட்டாள். மாமா மேசைக் காத்தாடியைக் கம்ப்யூட்டர் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பி வைத்தார்.

சில மாதங்கள் கழித்து முதலாளியின் அக்கா மகன் படிப்பை முடித்துவிட்டு வந்து மாமாவின் பக்கத்து மேசையில் உட்கார்ந்தான். நல்ல பையன் என்றுதான் மாமா சொன்னார். பிறகு ஒருநாள் மதியத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார். முகத்தில் ஒரு கூச்சம்.

"லீவு குடுத்திருக்காங்க" என்றார்.

"யாரு கேட்டா?" என்றாள் அக்கா.

"ஆர்டர் கம்மியாம். இத்தனை வருஷமா ஓய்வே இல்லாம உழைச்சிருக்கீங்க, கொஞ்ச நாள் வீட்டுல இருங்க, வேலை வந்தா முதல் போன் உங்களுக்குத்தான்னாரு."

அக்கா அவர் கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை மாமா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து செய்தி படித்துக்கொண்டிருந்தார். நான் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அம்பு தானாக நகர்ந்தது.

செய்தியை மூடியது. படங்கள் இருந்த இடத்துக்குப் போனது. தயங்கித் தயங்கி ஒரு இழுப்பறையைத் தேடி எடுத்தது. மாமா மவுசைத் தொட்டார். இரண்டு கைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட அம்பு திரையில் துடித்தது. அவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார், தெரியாத வீட்டுக் கதவைத் திறந்துவிட்டவர் போல.

திரையில் ஒரு சமையலறை எழும்பிக்கொண்டிருந்தது. புதிய வாடிக்கையாளர். மதியம் இன்னொன்று. அடுத்த நாள் ஒரு பெரிய வீடு முழுக்க. ஆர்டர் கம்மி என்றதெல்லாம் எப்படிப்பட்ட கம்மி என்று நாங்கள் எங்கள் கூடத்தில் உட்கார்ந்தே பார்த்தோம்.

"ஒயரைப் புடுங்கி எறிங்க" என்றாள் அக்கா. "மின்சாரம் நம்மது, பொட்டி நம்மது, மூளை நம்மது. சம்பளம் மட்டும் அவனுக்கா?"

"புடுங்கிட்டா கோபம் வந்துடும். அப்புறம் கூப்பிட மாட்டாங்க."

"இப்ப மட்டும் கூப்பிட்டுக் கிழிக்கிறாங்களாக்கும்."

"அந்தப் பையனால ரொம்ப நாள் ஓட்ட முடியாது. நீயே பாரு. தேடி வருவாங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பையனுக்குக் கதவுகள் எந்தப் பக்கம் திறக்கும் என்ற நினைப்பே இல்லை. அடுப்பை ஒட்டி இழுப்பறை வைப்பான். இழுத்தால் பக்கத்துக் கைப்பிடியில் இடிக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் மாமா பல் வலி வந்தவர்போல் தாடையைப் பிடித்துக்கொள்வார். தப்பாகவே போகட்டும், அப்போதுதான் அருமை தெரியும் என்று நான் சொன்னேன். தலையை ஆட்டினார். ஆனால் பையன் சாப்பிடப் போய் அம்பு அசையாமல் நிற்கும் நேரத்தில், மெதுவாக மவுசைப் பிடித்து அந்த இழுப்பறையைச் சற்று நகர்த்தி வைத்துவிடுவார். பையன் திரும்பி வந்து எந்தச் சந்தேகமும் இல்லாமல் அதன் மேல் வேலையைத் தொடர்வான். இப்படி, இடிக்க வேண்டிய கதவுகள் ஒன்றும் இடிக்கவில்லை. யாரும் தேடி வரவும் இல்லை.

"உங்க வேலைக்கு நீங்களே குழி தோண்டுறீங்க மாமா" என்றேன்.

"அங்க ஒரு வீட்டுல ஒரு பொம்பள தெனமும் அந்தக் கைப்பிடில கைய இடிச்சுக்குவாப்பா" என்றார்.

ஒரு வழியாகப் போன் வந்தது. திரையில் முதலாளி பெயரைப் பார்த்ததும் மாமா எழுந்து நின்றுவிட்டார். லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, "சொல்லுங்க முதலாளி" என்றார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"மில்லி, நல்லா இருக்கீங்களா? ஒண்ணுமில்ல, உங்க கம்ப்யூட்டர் கொஞ்சம் இழுக்குதாம், தம்பி சொல்றான். ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடுறீங்களா?"

மாமா எங்கள் இருவரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். "இதோ பண்ணிடுறேன்" என்றார். பண்ணினார். சரியாகிவிட்டதா என்று கேட்க அவரே திரும்பப் போன் செய்தார். பையன்தான் எடுத்தான். "சூப்பர் அண்ணே" என்றானாம்.

அக்காவும் கூடத்தில் இருந்த ஒரு காலையில், அம்பு வந்தது. எந்தப் படத்தையும் திறக்கவில்லை. மாமாவின் படங்கள் முழுவதையும் ஒரே வளைப்பில் தேர்ந்தெடுத்தது. ஒரு சின்னப் பெட்டி தோன்றியது. அதில் பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஊர ஆரம்பித்தது.

"என்னங்க அது?"

"காப்பி எடுக்கிறாங்க."

முதலாளி கூப்பிடாமல் அவராகவே போன் செய்வது அதுவே முதல் தடவை. ஸ்பீக்கரில் போட்டார்.

"ஆமா மில்லி, தம்பிக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியாச்சு. நல்ல வேகம். இனிமே உங்களுக்குத் தொந்தரவே இருக்காது."

"தொந்தரவெல்லாம் இல்ல முதலாளி. அப்போ, நான் எப்ப வரட்டும்?"

"வேலை வந்தா கூப்பிட மாட்டேனா?"

போன் வைத்த சத்தம் கேட்டது. பச்சைக் கோடு பாதியைத் தாண்டியிருந்தது. அக்கா மேசைக்கு அடியில் குனிந்து பிளக்கைப் பிடித்தாள். மாமா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் அவளை அப்படி இறுக்கிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

"பாதியில அறுத்தா கெட்டுப்போயிடும்டி. அங்க திறந்தா கதவு ஒரு பக்கம், கீல் ஒரு பக்கம் கெடக்கும்."

"கெடக்கட்டும்! நல்லாக் கெடக்கட்டும்!"

"நான் வரைஞ்சதுடி."

அக்கா கையை விட்டாள். தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். மூன்று பேரும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமா குனிந்து, அவள் கை பட்டு அசைந்திருந்த பிளக்கை நன்றாக அழுத்திவிட்டார்.

கடைசியில் ஒரு இடத்தில் கோடு நின்றது. ஒரு கோப்பு வேறெங்கோ திறந்திருக்கிறது, மீண்டும் முயல்வதா, விட்டுவிடுவதா என்று பெட்டி கேட்டது. முந்தைய நாள் பாப்பாவுக்குக் காட்ட மாமா திறந்து வைத்திருந்த மூலை அலமாரி அது. ஒரு தட்டை இழுத்தால் உள்ளே இருக்கும் தட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்று வெளியே வரும். அதை வரைந்து முடிக்க அவருக்கு இரண்டு மழைக்காலம் ஆனது. அம்பு ஒரு கணம் யோசித்தது. விட்டுவிடு என்பதை அழுத்தியது. உடனே தொடர்பு முடிந்துவிட்டது என்று திரை சொன்னது.

"அது போகல" என்றார் மாமா. கை தானாகப் போனை எடுத்திருந்தது. "சொல்லணுமே. தெரியாம விட்டுட்டான்."

"சொல்லுங்க" என்றாள் அக்கா தரையிலிருந்து. "அப்படியே நன்றியும் சொல்லிடுங்க."

முதலாளியின் எண் திரையில் இருந்தது. கட்டைவிரல் அதன் மேல் நின்றது. வெகு நேரம் நின்றதால் போனின் வெளிச்சம் தானே மங்கி அணைந்தது. அவர் அதை மறுபடி எழுப்பவில்லை.

"உன் போன்ல நெட் இருக்கா?" என்று என்னிடம் கேட்டார். "படம் போடுற ஆள் வேணும்னு எங்கயாச்சும் போட்டிருக்காங்களா பாரேன். தூரமா இருந்தாலும் பரவாயில்ல."