ரெண்டாவதுக்கு எதற்கு வளையல்

முதல் பிள்ளைக்கு ஏழாம் மாதம் கருங்குழியில் வளைகாப்பு செய்து, அன்றைக்கே கோவளத்துக்கு, என் அம்மா வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். மூன்று மாதம் தூங்கினேன். விழித்தால் சாப்பாடு, சாப்பிட்டால் தூக்கம். கல்யாணமான பிறகு நான் ஒழுங்காக ஓய்வெடுத்தது அப்போதுதான். அதனால் இரண்டாவது தங்கியதும் எனக்கு முதலில் பிள்ளை ஞாபகம் வரவில்லை. அம்மா வீட்டுப் பாய்தான் ஞாபகம் வந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாமியார் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். ரெண்டாவதுக்கு வளைகாப்பு கிடையாது. வளையல் போடாமல் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்பும் வழக்கமும் கிடையாது. பிரசவம் இங்கேயே. இதில் சம்பிரதாயம் பாதி, மாடு பாதி. வீட்டில் இரண்டு கறவை மாடுகள். அதில் செவலை, என்னைத் தவிர யார் மடியைத் தொட்டாலும் உதைக்கும். மாமியாரை இரண்டு முறை உதைத்திருந்தது. அதனால் எனக்கு அந்த மாட்டின்மேல் தனி மரியாதை உண்டு. ஆனால் நிறைவயிற்றோடு அதன் காலடியில் குந்த நான் தயாராக இல்லை.

கணவரிடம் சொன்னேன். அம்மாவைக் கேள் என்றார். மழை வருமா என்று கேட்டாலும் அதையேதான் சொல்வார்.

தெருமுனை எஸ்.டி.டி. பூத்திலிருந்து என் அம்மாவைக் கூப்பிட்டேன். அவளும் ரெண்டாவதுக்கு யாரும் செய்வதில்லையே என்று இழுத்தாள். என் அண்ணி போனைப் பிடுங்கினாள். அவள் கெட்டிக்காரி.

"நாங்க தட்டோட வந்து வாசல்ல நிக்கறோம். தெருவே பாக்கசொல்ல உன் மாமியா தொரத்திடுமா?"

துரத்த முடியாது. மஞ்சள், குங்குமம், வளையலோடு வந்து நிற்கும் பெண்களைத் திருப்பி அனுப்பினால் மாமியாரின் பெயர் நாறிவிடும். தெரு பார்க்க வேண்டுமே என்று நானும் என் பங்குக்கு ஐந்து பெண்களை வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிடக் கூப்பிட்டேன். மாமியாரிடம் மூச்சு விடாதீர்கள் என்றேன். ஐந்து பேரும் விடவில்லை. அவருக்கு ஆகாதவர்களாகப் பார்த்துத்தான் கூப்பிட்டிருந்தேன்.

கார்த்திகை மாத மழை. வேன் வந்து நின்றது. அண்ணி தட்டுகளை பிளாஸ்டிக் தாளால் மூடி எடுத்துக்கொண்டு இறங்கினாள். பின்னால் அம்மா, புளிசாதமும் எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமுமாகத் தூக்குகளைச் சுமந்துகொண்டு. ஐந்து பெண்களும் குடையோடு தற்செயலாக வந்தவர்கள்போல வந்து நின்றார்கள். மாமியார் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். என்னை மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். விரல் விட்டு எண்ணினார்.

"வாங்க சம்மந்தி, சாப்ட்டு போங்க. வளையல் மட்டும் ஆவாது. இது எட்டாம் மாசம். எட்டுல எவளாவது வளையல் போடுவாளா?"

ஒற்றைப்படை மாதத்தில்தான் போட வேண்டும். அம்மா ஏழு என்றாள். மாமியார் சித்திரையிலிருந்து எண்ணி எட்டு என்றார். ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையை எடுத்துக் காட்டினேன்.

"அந்த நர்சம்மாவா இந்த வூட்ல கீது? இங்க எனக்குத் தெரியாம ஒண்ணும் நடக்காது."

அம்மாவின் முகம் மாறிவிட்டது. எட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் அவளுக்கே பயம் வந்துவிட்டது. மார்கழியில் நல்ல காரியம் ஆகாது, தை பிறந்ததும் வருகிறோம் என்று தட்டை எடுக்கக் குனிந்தாள். தை. இன்னும் இரண்டு மாதம் செவலையின் காலடியில். எனக்கு வந்த கோபத்தில் வாய் நிற்கவில்லை.

எங்கள் வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அதன் கதவை ஒட்டித்தான் மாமியாரின் கட்டில். உள்ளே இருமினால் வெளியே "இன்னா" என்று கேட்பார். இது தெருவுக்கே தெரியும்.

"அத்த, சித்திரையில நீங்க வூட்லதான இருந்தீங்க?"

"பின்ன எங்க போனேன்?"

"வைகாசியில உங்க தங்கச்சி பொண்ணு கல்யாணம்னு அஞ்சு நாளு காஞ்சிபுரம் போனீங்க. எம் பையனையும் கூட்டிகினு போயிட்டீங்க. வூட்ல நாங்க ரெண்டே பேரு. இப்ப எண்ணுங்க."

 மழை அந்த நேரம் பார்த்து விட்டிருந்தது. வெற்றிலைத் தட்டை ஏந்தி நின்ற என் கணவர் அதைத் தரையில் வைத்துவிட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து செவலை அவரை உதைத்த சத்தம் கேட்டது. எதிர்வீட்டு அக்காதான் முதலில் சிரித்தது. அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

மாமியாருக்கு இரண்டே வழி. சித்திரை என்றால், அவர் கட்டிலில் இருக்கும்போதே அவருக்குத் தெரியாமல் வீட்டில் ஒன்று நடந்திருக்கிறது. வைகாசி என்றால் ஏழு. அவர் மறுபடி விரலை மடக்கினார். வைகாசி, ஆனி, ஆடி என்று நிதானமாக, முதன்முறை எண்ணுகிறவரைப்போல. கார்த்திகையில் நின்றார்.

"ஏழுதான்" என்றார். "நான்தான் அப்பவே சொன்னனே."

முதல் வளையலை அவரே போட்டார். என் கையை நண்டு பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு போட்டார். வலித்தது. நான் சிரித்தபடியே உட்கார்ந்திருந்தேன். கன்னத்தில் சந்தனம், வாயில் புளிசாதம், இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். பொழுது சாயும் முன்னே வேனில் ஏறிவிட்டேன். கதவைச் சாத்த வந்த மாமியார் என் காதோரம் குனிந்தார்.

"பெத்துகினு ஒழுங்கா வந்து சேரு. இனிமே எவ கல்யாணத்துக்கும் நான் போவ மாட்டேன்."

சொன்னபடியே போகவில்லை. எங்களுக்குப் பிள்ளை இரண்டோடு நின்றது.