தஞ்சாவூர் நீச்சல் குளத்தில் பத்து நிமிட வெண்கலம்

பொங்கல் முடிந்த அடுத்த வாரம், சனிக்கிழமை, கல்லூரிப் பெண்களுக்கான நீச்சல் போட்டி பார்க்கத் தஞ்சாவூர் போய் வந்தோம். கோயிலுக்குப் போகவில்லை, அதனால் கோபுரப் படம் எதுவும் இந்தப் பதிவில் கிடையாது. இப்படிப் போட்டிக்குப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு வழியும் நேரமும் செலவும் உதவும் என்று எழுத உட்கார்ந்தேன். அதோடு நான் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்றும் இருக்கிறது.

எங்கள் ஊர் மயிலாடுதுறைக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவில் இருக்கிறது. நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். ஊரில் உள்ள சின்ன மகளிர் கல்லூரிக்கு நீச்சல் குழு உண்டு, நீச்சல் குளம் கிடையாது. பயிற்சி எல்லாம் ஆற்றில்தான். நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கரையில் நிற்க வேண்டும் என்று கல்லூரியில் கேட்டபோது என் மகள் அந்தக் குழுவில் இருந்தாள், அதனால் நான் போய் நின்றேன். அவள் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டாள். நான் மட்டும் அந்தப் படித்துறையை விட்டு நகரவில்லை. தினமும் சாயங்காலம் ஐந்தரைக்குக் கடையைச் சாத்திவிட்டு அங்கே போய் நிற்பேன்.

தொடர் நீச்சலில் நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக நீந்த வேண்டும். வருகிறவளின் கை சுவரைத் தொட்ட பிறகுதான் நிற்கிறவளின் கால் மேடையை விட்டுக் கிளம்பலாம். ஆற்றில் சுவர் ஏது? தண்ணீரும் கலங்கல். கீழ்ப்படியில் குனிந்து நிற்கிற பெண்ணுக்கு வருகிறவளின் கை தெரியாது. அதனால் மேல்படியில் நின்று நான் "குதி!" என்று கத்துவேன். என் சத்தம் காதில் விழுந்து அவள் கால் கிளம்ப ஒரு நொடி ஆகும் இல்லையா, அதையும் மிச்சம் பிடிக்க ஒரு கை வீச்சு முன்னாலேயே கத்திவிடுவேன். இதை என் கண்டுபிடிப்பு என்று டீக்கடையில் பீற்றிக்கொண்டும் இருந்தேன்.

இந்த முறை தொடர் நீச்சலில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால்தான் அடுத்த வருடம் குழு இருக்கும், இல்லையென்றால் கலைத்துவிடுவோம் என்று கல்லூரி முதல்வர் அம்மா சொல்லிவிட்டார். பதினொரு பெண்கள் இருக்கிற குழு. எங்களுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வெண்கலம்.

காலை 5.40க்கு வேன் கிளம்பியது. டீசலோடு சேர்த்து வாடகை 5,500 ரூபாய். தஞ்சாவூர் தொண்ணூறு கிலோமீட்டர். இரண்டே கால் மணி நேரத்தில் போய்விடலாம், ஆனால் அறுவடைக் காலத்தில் அந்தக் கணக்கு செல்லாது. கும்பகோணம் தாண்டியதும் பாதிச் சாலையில் நெல் காய்கிறது. மீதிச் சாலையில் அறுவடை மிஷின் ஆடி அசைந்து போகிறது. "ஹாரன் அடிச்சா மட்டும் நெல்லு எந்திரிச்சுப் போயிடுமா, உக்காருங்க" என்றார் டிரைவர். போய்ச் சேர 8.35 ஆகிவிட்டது. நுழைவுக் கட்டணம் கிடையாது. குடிதண்ணீர் கொண்டுபோய்விடுங்கள். மதியச் சாப்பாடு எதிர்க் கடையில் 110 ரூபாய், ரசம் நன்றாக இருந்தது.

எங்கள் கூட்டத்தில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் கலியபெருமாள், ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்குச் செய்கிறார். அவர் மகள் நிவேதா தொடர் நீச்சலில் மூன்றாவதாக நீந்துகிறவள். இன்னொருவர் சாமுவேல், வெல்டிங் பட்டறைக்காரர், அதிர்ந்து பேசாதவர். அவர் மகள் எஸ்தர் நான்காவது.

காலைப் போட்டிகளில் எங்களுக்கு ஒன்றும் தேறவில்லை. ஆற்றில் நீந்துகிற பிள்ளைகள் எதிரே என்ன மிதந்து வருகிறது என்று பார்க்கத் தலையைத் தூக்கிப் பழகியவர்கள். குளத்தில் மிதக்க என்ன இருக்கிறது? இருந்தாலும் தூக்கினார்கள், ஒவ்வொரு தூக்கலுக்கும் பின்தங்கினார்கள். சுவரில் திரும்புகிற இடத்தில் மற்ற கல்லூரிப் பெண்கள் குட்டிக்கரணம் போட்டு உதைத்துப் போக, எங்கள் பிள்ளைகள் கம்பியைப் பிடித்து நின்று திரும்பினார்கள்.

"முதல் அம்பது மீட்டர் பாத்தீங்களா? நாத்து நல்லாத்தான் இருக்கு. கதிர்தான் வாங்க மாட்டேங்குது" என்றார் கலியபெருமாள்.

"தொடர் நீச்சல் இருக்குல்ல. எஸ்தர் கடைசியா வர்றா, பாத்துக்கலாம்" என்றேன் நான். சாமுவேல் பிள்ளைகளின் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார்.

மதியம் உடற்கல்வி டீச்சர் நாங்கள் உட்கார்ந்திருந்த பார்வையாளர் மாடத்துக்கு மேலேறி வந்து, "அண்ணே, இன்னைக்கு நீங்க குரல் குடுக்காதீங்க. சுவத்தப் பாத்துத்தான் குதிக்கணும்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றார். சரிம்மா என்றேன். சொல்லிவிட்டு, நன்றாகத் தெரியட்டும் என்று குதிக்கிற மேடைக்கு நேர் மேலே, முன்வரிசைக் கம்பியை ஒட்டிப் போய் உட்கார்ந்தேன்.

3.20க்குத் தொடர் நீச்சல். ஆளுக்கு நூறு மீட்டர். முதல் இரண்டு பேர் முடித்தபோது ஐந்தாவது இடம். நிவேதா எங்கிருந்து பலத்தைக் கொண்டுவந்தாளோ, திரும்பி வரும்போது மூன்றாவது பெண்ணுக்குச் சமமாக வந்துவிட்டாள். கலியபெருமாள் என் தோளைப் பிசைந்துகொண்டிருந்தார். எஸ்தர் மேடையில் குனிந்து நின்றாள். அந்த முதுகை இரண்டு வருடமாக மேல்படியிலிருந்து பார்த்திருக்கிறேன். நிவேதாவுக்கு இன்னும் ஒரு கை வீச்சு இருந்தது. டீச்சர் சொன்னது, சுவர், விதி எல்லாம் மறந்து போயிற்று. "குதி!" என்று கத்திவிட்டேன். எஸ்தர் குதித்தாள்.

எஸ்தர் மூன்றாவதாக வந்து தொட்டாள். நாங்கள் போட்ட கூச்சலில் யார் என்ன கத்தினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. கலியபெருமாள் அழுதுவிட்டார். பத்து நிமிடம் எங்களிடம் வெண்கலம் இருந்தது. பிறகு ஒலிபெருக்கியில் எங்கள் கல்லூரிப் பெயரைச் சொல்லி, நான்காவது வீராங்கனை முன்கூட்டியே குதித்ததால் குழு தகுதி நீக்கம் என்றார்கள். கீழே எஸ்தர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவளைப் பார்க்க முடியாமல் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

4.45க்குத் திரும்பக் கிளம்பினோம். முன் இருக்கைகளில் பெரியவர்கள், பின்னால் பிள்ளைகள். பாபநாசம் வரைக்கும் இதே பேச்சுதான்.

"அரை நொடி பொறுத்திருந்தா மெடலு. அவ்ளோ என்ன அவசரம் அந்தப் புள்ளைக்கு?" என்றார் ஒருவர்.

"எம் மக உசுரக் குடுத்து நீந்துனா. எல்லாம் போச்சு" என்றார் கலியபெருமாள்.

சாமுவேல் எழுந்து வேன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எம் பொண்ணுதாங்க தப்புப் பண்ணிடுச்சு. எல்லாரும் மன்னிச்சுக்குங்க" என்றார். அவர் கும்பிட்ட கைக்கு நேர் எதிரே நான் உட்கார்ந்திருந்தேன். சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் குவித்துப் படுதா போட்டுவிட்டுச் சனங்கள் காத்திருந்தார்கள்.

பாபநாசம் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். டீ 15 ரூபாய், கழிப்பறை சுத்தம். எஸ்தர் தனியாக நின்றாள். கிட்டப் போய், "என் சத்தம் கேட்டுச்சாம்மா?" என்றேன்.

"கேட்டுச்சு மாமா. சுவத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். உங்க சத்தம் கேட்டதும் காலு தானா கெளம்பிருச்சு."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல. பாவம், நீங்க வேணும்னா செஞ்சீங்க?" என்றாள். டீயைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டு வேனுக்குப் போய்விட்டாள். அப்போதும் நான் யாரிடமும் சொல்லவில்லை. 7.30க்கு ஊர் வந்து சேர்ந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த சாமுவேலைச் சர்ச் வாசலில் நிறுத்திச் சொன்னேன். "வேன்லயே சொல்லியிருக்கலாம்லண்ணே. அவ நேத்துலேருந்து சாப்பிடலை" என்றார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

திங்கட்கிழமை காலை முதல்வர் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். எஸ்தர் மேல் தப்பில்லை, என் மேல்தான் என்றேன். பொறுமையாகக் கேட்டார். "தப்பு யாருதா இருந்தா என்னங்க, மெடல் வரலையே" என்றார். குழுவைக் கலைத்து அன்றைக்கே நோட்டீஸ் போட்டுவிட்டார்கள். சாயங்காலம் ஐந்தரைக்குப் பழக்க தோஷத்தில் படித்துறைக்குப் போனேன். இருட்டுகிற வரைக்கும் ஒருத்தியும் வரவில்லை. கலியபெருமாளும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பெயர்களோடு எழுதியிருக்கிறேன்.

போகிறவர்களுக்கு: தை, மாசியில் சாலையில் நெல் இருக்கும், ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். மயிலாடுதுறையிலிருந்து ரயிலில் போனால் இந்தத் தொல்லை இல்லை. பிள்ளைகளை ஒரு வாரமாவது முன்னால் ஏதாவது ஒரு குளத்துக்குக் கூட்டிப்போய் சுவரைப் பழக்குங்கள். மேற்குப் பக்கம் வெயில் அடிக்கும், துண்டு வேண்டும். குதிக்கிற மேடைக்கு மேலே இருக்கிற முன்வரிசையில் மட்டும் உட்காராதீர்கள். அங்கேதான் உட்காருவேன் என்றால் வாயைத் திறக்காதீர்கள். உங்கள் குரலை நம்பிப் பழகிய பிள்ளை ஒருத்தி கீழே குனிந்து நின்றுகொண்டிருப்பாள்.